காது போறதுக்குள்ள

சிவப்பும் வெளிர்நீலமுமா கோடு ஓட ஆரம்பிச்சிட்டு, டிவி ஓரம் முழுக்க, அப்படின்னா கேசட் பேசுது, கம்ப்யூட்டர் கேக்குது, நல்லது, ஹில்டா, நீ அசையாம உக்காரு. அடுப்படியில இருந்து செலினா அக்கா என்னமோ சொல்லுதா. விளங்கல. விளங்காட்டி என்ன, அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா, அந்தப் பேய் கத்துறத நிப்பாட்டுட்டி, மனுசர் மத்தியானம் சோறு உண்டுட்டுக் கொஞ்சம் சாய வேண்டாமாங்கா. எனக்குக் கத்தல் ஒண்ணும் கேக்கல. இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள, ரப்பர் பட்டனுக்கெல்லாம் அடியில, ஒரு கொசு மாட்டிக்கிட்ட மாதிரி லேசா ஒரு அரிப்பு, அவ்வளவுதான். எனக்குக் கண்ணுல தெரியுறது அவளுக்குக் காதுல கேக்குது. அவளுக்கு மூட்டு போச்சு, எனக்குக் காது போச்சு, ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆள் தேறும். டாக்டர் சொல்லிட்டார், மேல உள்ள சத்தமெல்லாம் போயிட்டும்மா, இனி கீழ உள்ளதும் ஒண்ணொண்ணாப் போகும், மிஷின் மாட்டிக்கோங்க, பேச்சு கேக்கும், ஆனா பாட்டு பழைய மாதிரிக் கேக்காதுன்னு. கடைக்காரர் பொன்னி அரிசி தீந்துபோச்சு, குருணைதான் இருக்குன்னு சொல்லுத மாதிரி சொன்னார். மிஷினை மாட்டிப் பாத்தேன், மின்விசிறிச் சத்தம் மண்டைக்குள்ள வந்து சுத்துச்சு, கழட்டி மேசை டிராயர்ல போட்டுட்டேன். கோயில் பாட்டுக்குழுவுல இத்தன வருஷம் நின்னவ, இப்ப கூட நிக்கிறவ என்ன சுதியில பாடுதான்னு தெரியாம வாயை மூடிட்டு வெளிய வந்துட்டேன். அது போகட்டும். எனக்கு இப்ப வேண்டியது ஒண்ணே ஒண்ணு. லிகோரி பாட்டு எப்படி முடியுதுன்னு கேக்கணும். காது போறதுக்குள்ள கேக்கணும்.

லிகோரி என் அண்ணன், செலினாவுக்கு இளையவன், எனக்கு மூத்தவன். அப்பா கப்பல்ல வேலை பாத்தாவ, ஏதோ சீமைத் துறைமுகத்துல இருந்து ஒரு பயணத்துல இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிட்டு வந்தாவ, எங்க தெருவுல கால்குலேட்டரப் பாக்கவே ஆள் எட்டி எட்டி நின்ன காலம். ஸ்பெக்ட்ரம்னு மேல எழுதியிருக்கும். இதுக்கு நினைவு கெடையாது, கரண்ட அணைச்சா அம்புட்டும் மறந்துரும், அதனால எழுதுறத எல்லாம் கேசட்ல சத்தமாப் பதிஞ்சு வைக்கணும், திரும்ப வேணும்னா அந்தச் சத்தத்தையே அதுக்குக் கேக்க வைக்கணும். அந்தச் சத்தந்தான் அக்காவுக்குப் பேய். பய இதுல விளையாட்டு விளையாடுவான்னுதான் அப்பா வாங்கியாந்தாவ, இவன் பாட்டு எழுத உக்காந்துட்டான். இதுக்கோ பாடத் தெரியாது, பாவம், பீப் அடிக்கும், ஒரு நேரத்துக்கு ஒரு சுரம், அதையும் மொட்டையா. ஆனா சுரத்தோட நம்பருல புள்ளி வைக்கலாம்னு லிகோரி கண்டுபிடிச்சான். ஏழுன்னா ஒரு சுரம், எட்டுன்னா அடுத்தது, ஏழு புள்ளி மூணுன்னா ரெண்டுக்கும் நடுவுல, ஆர்மோனியத்துல எந்தக் கட்டையிலயும் இல்லாத எடம். அப்படிப் பொடிப் பொடியா நறுக்கி வரிசையா அடுக்கினா பீப் வளையும், குழையும், ஆள் தேம்புற மாதிரி இழுக்கும். கோயில் ஆர்மோனியத்துல வராதது இதுல வருதுட்டின்னு என் முடியைப் புடிச்சி இழுத்துக் காட்டுனான், பாரு, இப்படி இழுக்கணும்னு. வலிச்சது. அந்த வலி இப்பவும் எனக்கு இந்தப் பக்கத்துல, காதுக்கு மேல, எந்த எடம்னு தொட்டுக் காட்டுவேன். அவன் மொகம் அந்த அளவுக்கு எனக்கு நெனவு இல்ல. போட்டோவுல உள்ள மொகந்தான் வருது, போட்டோவுக்கு முந்துன மொகம் வர மாட்டேங்கு. அது என்ன நியாயம், வலி இருக்கு, வலிக்க வச்சவன் மொகம் இல்ல.

நீலமும் மஞ்சளுமா மாறிட்டு, சன்னக் கோடு, படபடன்னு, அப்ப நம்பர் எல்லாம் உள்ள போகுது. இது பாட்டு ஒண்ணு. பாதிப் பாட்டு. கேசட் அட்டையில அவன் கையெழுத்துல இருக்கு, பாட்டு ஒண்ணு பாதி, பாட்டு ரெண்டு முழுசு, ரெண்டும் ஒரே பாட்டுதான். பாதியை நான் எத்தனையோ தரம் கேட்டாச்சு, நேரா ரெண்டுக்குப் போகலாம்தான், கேசட்டை வீணா ஓட்டாதீங்க, ஒவ்வொரு ஓட்டத்துலயும் நாடாவுல இருந்து மாவு உதுருதுன்னு மதுரைக்காரர் அத்தனை சொன்னார். செல்வதாசன்னு பேரு, இந்தக் கம்ப்யூட்டரோட உள்ள எல்லாத்தையும் பிரிச்சுப் பழுது பாத்துக் குடுத்தவர், டேப் ரிக்கார்டருக்கு உள்ள உருகிக் கெடந்த பெல்ட்டை மாத்தினவர். முதல்ல போன்ல ரிக்கார்ட் பண்ணிருங்க, பொறவு கம்ப்யூட்டருக்குக் குடுக்கலாம்னும் சொன்னார். நான்தான் மாட்டேன்னுட்டேன். அவன் கம்ப்யூட்டருக்காக எழுதினான், அது முதல்ல கேக்கட்டும், போன் எதுக்கு நடுவுல, போன்தான் உலகத்துல உள்ள எல்லாத்தையும் கேட்டுட்டுக் கெடக்கே. பிடிவாதம். அம்மா வழி. அம்மாதான இந்தக் கேசட்டை அவன் சட்டையில சுத்தி அலமாரியில வச்சு, ஒருத்தரையும் தொட விடாம, அவன் வந்து போடுவான், அவன் வந்து போடுவான்னு சாகுற வரைக்கும் காவல் காத்தா. ஏன்னா அவன் வரல. அப்பா இருந்த கப்பல் மாதிரியே ஒரு கப்பல்ல ஏறினான், சின்னக் கப்பல், சிமெண்ட் ஏத்துறது, மொதப் பயணம், எங்கயோ புயல்ல மாட்டுச்சுன்னாங்க, தகவல் நின்னுட்டுன்னாங்க, அவ்வளவுதான். ஆளும் இல்ல, ஒடம்பும் இல்ல, பலகையும் இல்ல. கடலோரமா வீட்டை வச்சிக்கிட்டு, வாசல்ல நின்னா அவனை முழுங்குன தண்ணியே தெரியும்படி, எப்படி இருந்தோமோ. எங்க அம்மா கடலைப் பாத்து ஒரு நாளும் அழல. திட்டுவா. பக்கத்து வீட்டுக்காரியத் திட்டுத மாதிரி, பேர் சொல்லாம, சாடையா.

நான் அப்ப பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல இருந்தேன், பரீட்சை. கப்பல் ஏறுற அன்னைக்கி அவன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டான், சிஸ்டர் பக்கத்துலயே நிக்காவ, நான் ரிசீவரை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நிக்கேன். முடிச்சிட்டேன்ட்டி, கேசட்ல ஏத்திட்டேன், பாட்டு ரெண்டு, நீ லீவுல வந்து கேளுன்னான். சிஸ்டர் போதும்னு சைகை காட்டினாவ. சரிண்ணேன்னேன். அவ்வளவுதான் நாங்க பேசுன பேச்சு. நீ வந்து கேளு. அதை அவன் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கான். நான் கேக்காத வரைக்கும் அவன் சொல்லிக்கிட்டே இருப்பான்ல, அதுதான் என் கணக்கு, அம்மா போன பொறவு கேசட் என் கைக்கு வந்தும் நான் அலமாரியத் தொறந்து பாத்து மூடி வச்சதுக்கு அதுதான் காரணம், சோம்பல்னு அக்கா சொன்னா, சோம்பலும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு பாட்டைக் கேட்டு முடிச்சா அது முடிஞ்சிரும். கேக்காத பாட்டுக்கு ஆள் உண்டு. ஆனா காது சொல்லாமக் கொள்ளாம மூட்டை கட்டுதே, அதுக்கு என்ன செய்ய. கோழிக்குஞ்சு கத்துறது முதல்ல போச்சு. பொறவு வாசல் மணி. பொறவு பூசையில சின்னப் பிள்ளைங்க வாசகம் வாசிக்கிறது. அடுத்தது லிகோரியோட பீப்பா. அதை நான் விட மாட்டேன்.

நின்னுட்டு. கோடு நின்னு டிவி வெள்ளையாச்சு, கீழ சரிங்கிற எழுத்து வந்துட்டு. பிழை இல்ல. கேசட்டை நிறுத்தினேன். இனி பழகுன வேலை, ஒரு வரியைத் திருத்தணும், எல்லாச் சுரத்துலயும் பன்னிரண்டைக் கழி. கழிச்சா முழுப் பாட்டும் ஒரு ஸ்தாயி கீழ எறங்கி என் காதுக்கு எட்டுற எடத்துக்கு வந்துரும். இந்த வித்தையை நானா கண்டுபிடிச்ச அன்னைக்கி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ உப்புப் போட்டுக் காயவச்ச மீனைப் பாக்குத மாதிரி டிவியப் பாத்துட்டுப் போயிட்டா. ரன்னுன்னு அடிச்சேன். குனிஞ்சு காதைப் பெட்டி மேலயே வச்சிக்கிட்டேன், கன்னத்துல சூடு படுது. வருது. கீழ இருந்து கெளம்பி, ஒரு எடத்துல தயங்கி, வழுக்கி, திரும்ப ஏறி, படகு ஒத்தையில போகுத மாதிரி, கூட வேற சத்தம் இல்லாம, ஒரே குரல். எனக்கு மனப்பாடம். இங்கன வளையும், இப்பத் தேம்பும், இப்ப ரெண்டு எட்டு மேல போயி, அங்கன, உச்சியில, இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கும், அப்படியே நின்னு, இல்ல. முடிஞ்சிட்டு. ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கும்போதே வாசல் வழியா எழுந்து போயிட்ட மாதிரி. இதுக்கு மேல என்ன. நானும் எழுதிப் பாத்துட்டேன், எனக்கும் இப்ப நம்பர் அடுக்கத் தெரியும், இத்தன மாசமா எத்தன முடிவு எழுதினேன், ஒண்ணும் ஒட்டல. நான் எழுதினா அது கீழ எறங்கி வந்து வீடு சேந்துருது, ஆமென் சொல்லிருது. கோயில்ல பாடிப் பாடி எனக்குக் கை அப்படியே போகுது. லிகோரி பாட்டு ஆமென் சொல்லாது. அது தெரியுது, ஆனா என்ன சொல்லும்னு தெரியலியே. ராத்திரி படுத்தா அந்த உச்சிச் சுரம் தலைக்குள்ள நிக்குது, எறங்க மாட்டேங்கு, அவனும் எங்கயோ ஒரு அலை உச்சியில அப்படியே நிக்கான், நான் முடிச்சு வச்சாத்தான் எறங்குவான்னு ஒரு எண்ணம், பைத்தியக்கார எண்ணம், பகல்ல சிரிப்பு வரும், ஆனா வருது.

சரி, இனி ரெண்டு. கைய முந்தானையில தொடச்சிக்கிட்டேன். ஒரு சின்னப் பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சு டேப் ரிக்கார்டர்ல நாடா உரசுற தலையைத் தொடச்சேன், பழுப்பா மாவு ஒட்டிக்கிட்டு வந்தது. இந்த மாவுதான் அவன். அப்படிச் சொல்லாத, ஹில்டா. லோடுன்னு அடிச்சிட்டு ப்ளே பட்டனை அமுக்கினேன். கேசட் சுத்துது. டிவி சும்மா இருக்கு. இன்னும் வரல, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் வெறும் நாடா விட்டிருப்பான், வரும். வரல. இப்ப ஓரத்துல என்னமோ துடிக்குது, சிவப்பு, வெளிர்நீலம், ஆனா கோடா இல்ல, அங்கங்க வெட்டி வெட்டி, யாரோ கதவைத் தட்டுத மாதிரி, நிக்குது, திரும்பத் தட்டுது. இது சரியில்ல. பாட்டு ஒண்ணு வரும்போது இப்படி வராது. நாடா போச்சு. அம்மா அலமாரியில உள்ள ஈரம் தின்னுட்டு, நான் இத்தன வருஷம் பூட்டி வச்ச பாவம் தின்னுட்டு. சத்தத்தைக் கூட்டினேன், கொறைச்சேன், அதே வெட்டு. எத்தனை நேரம்னு கேசட்டை ஓட விட, நிறுத்தணும், நிறுத்தினா திரும்ப முதல்ல இருந்து ஓட்டணும், இன்னும் மாவு உதுரும், நிறுத்தவும் மனசில்ல, விடவும் மனசில்ல. ஒயர் சொருகியிருக்கிறதுனால டேப் ரிக்கார்டர் ஊமையா இருக்கு, அது என்னதான் பேசுதுன்னு நாமளே கேட்டுப் பாத்தா என்ன. ஒயரை உருவினேன்.

இரைச்சல். மழை மாதிரி. ஸ்பீக்கர்ல காதை வச்சேன், நல்ல காதை, எடது காதை. இரைச்சலுக்குள்ள ஒரு மனுசன் பேசுதான். கம்ப்யூட்டர் சத்தம் இல்ல, பேச்சு, ஆம்பளப் பேச்சு, கனத்த குரல், அதனால எனக்குக் கேக்குது. "உக்காருக்கா, ஒரு நிமிஷம்தான். ஹில்டா இல்ல, நீயாவது கேட்டுட்டுப் போ." பெட்டியத் தட்டிவிடப் பாத்தேன். லிகோரி. மாதாவே, லிகோரி. மொகம் இல்லன்னேனே, குரல் வந்து நிக்குது, மொகமும் அது பின்னாலயே வருது, மூக்குல வேர்த்து, கண்ணாடி எறங்கி. எதிர்ல ஒரு பொம்பளக் குரல், சின்ன வயசு, அலுத்துக்கிட்டு, எனக்கு இடுப்பு வலிக்குதுலே, சீக்கிரம் போடுங்குது. செலினா. வயித்துப்பிள்ளைக்காரியா பேறுகாலத்துக்கு வந்திருந்தா அப்ப. கேசட்ல ஏறிட்டு இருக்குக்கா, ஏறி முடியட்டும், பொறவு ஒரு தரம் போட்டுக் காட்டுதேங்கான் இவன். ஏறுதா. எங்கலே ஏறுது. எனக்கு ஒரே நொடியில விளங்கிட்டு, விளங்காம இருந்திருக்கக் கூடாதா. கேசட்ல இருந்து எடுக்க ஒரு ஒயர், கேசட்ல ஏத்த ஒரு ஒயர், ரெண்டும் ஒண்ணா இருந்தா ஊளையிடும்னு அவன் ஒண்ணைச் சொருகும்போது இன்னொண்ணை உருவிருவான், அதுதான் அவன் வழக்கம், நானே எத்தன தரம் உருவிக் குடுத்திருக்கேன். அன்னைக்கி அவசரத்துல ஏத்துற ஒயரைச் சொருகல. சொருகாட்டி இந்த டேப் ரிக்கார்டர் தன் சொந்தக் காதைத் தொறந்துரும், மூலையில ஊசிப்பொட்டு மாதிரி இருக்கே இந்த மைக், அதால வீட்டுல உள்ளதப் புடிக்கும். கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குக் காத்துல கத்திச்சு, கேசட் வீட்டைப் பதிஞ்சிட்டு. லிகோரி, ஒயரைப் பாருல, உன் முட்டிக்கிட்ட தொங்கிட்டு இருக்கும், குனிஞ்சு பாரு, ஒரு தரம் குனிஞ்சு பாருன்னு நான் ஸ்பீக்கர்கிட்டச் சொல்லுதேன், வாய்விட்டே சொல்லுதேன், எத்தன வருஷம் கழிச்சு. அவன் குனியல. பாட்டு ரெண்டு இல்ல. இந்த உலகத்துல எங்கயும் இல்ல. கழிக்கப் பன்னிரண்டு இல்ல, எறக்க நம்பர் இல்ல. அப்பமே நான் அழுதுட்டேன், அழுதுக்கிட்டே காதை எடுக்கல.

கேசட்ல செலினா சொல்லுதா, "இந்தா வாரேன்மா." அடுப்படியில இருந்து செலினா கத்திச் சொல்லுதா, இந்தா வாரேன்மா. ஒண்ணு என் காதுக்குப் பக்கத்துல, ஒண்ணு எனக்குப் பின்னால, ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் நரைச்சது. யாரு கூப்பிட்டா. எனக்கு இரைச்சலைத் தவிர வேற ஒண்ணும் கேக்கலியே. பொறவுதான் தெரிஞ்சது, அம்மா கூப்பிட்டிருக்கா, உள்ள இருந்து, தூரத்துல இருந்து, அம்மாவோட கீச்சுக் குரல் அது எனக்கு எட்டல, அக்காவுக்கு எட்டிட்டு, எட்டுனதும் செத்தவளா இருக்கவளான்னு பாக்காம வாய் பதில் சொல்லிட்டு. திரும்பிப் பாத்தேன். முட்டிய ஒரு கையால புடிச்சிக்கிட்டு, மறு கையில சோப்பு நுரையோட, கதவுகிட்ட வந்து நிக்கா. மொகத்துல ரத்தமே இல்ல. அம்மா கூப்பிட்டாட்டிங்கா. சரிக்கா, கேசட்டுக்கா அதுன்னேன். ஸ்பீக்கர்ல லிகோரி, சரி ஏறிட்டு, இப்பக் கேளுக்காங்கான். ஒரு பட்டன் தட்டுற சத்தம். பொறவு இரைச்சல். மழை. நான் சத்தத்தை முழுசாக் கூட்டினேன், காதை ஸ்பீக்கர் கம்பியில பதிச்சேன், மூச்சை அடக்கினேன், மழைதான், வெறும் மழைதான், ஆனா அவன் பேசாம இருக்கான், அவ பேசாம இருக்கா, அப்படின்னா அது அங்கன பாடிட்டு இருக்கு. கேசட்ல ஏறலேன்னா என்ன, பெட்டிக்குள்ள இருந்துதே, திரும்ப அடிச்சிக் காட்டுதான், கேசட்டை நிறுத்த மறந்துட்டான். பாட்டு ரெண்டு என் கன்னத்துக்கு அடியில ஓடுது, எனக்கு ஒரு சொட்டும் விழல. மிஷின், அந்தக் காது மிஷின், டிராயர்ல. எழுந்து போனா அதுக்குள்ள முடிஞ்சிரும். அக்கா மொகத்தைப் பாத்தேன். அவ தலையக் கொஞ்சம் சாச்சு நிக்கா. என்னக்கா கேக்குன்னேன், கைய ஓங்கினா, அடிக்கிற மாதிரி, "பேசாதட்டி." நுரை தரையில சொட்டுது. அவ கண்ணு என்னப் பாக்கல, டேப் ரிக்கார்டரையும் பாக்கல, செவுத்துல எதையோ பாக்குது, புருவம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, அது ஏறும்போது எனக்குத் தெரியுது பாட்டு எங்க போகுதுன்னு, தேம்புற எடம், ரெண்டு எட்டு மேல போற எடம், உச்சி, நிக்குது, நிக்குது, நான் கட்டில் கம்பியப் புடிச்சிக்கிட்டேன், அவ புருவம் எறங்கல. தாண்டிட்டு. நான் ஒரு நாளும் போகாத எடத்துக்குப் போயிட்டு. அக்காவோட ஒதடு அசைஞ்சிச்சு.

எப்படிக்கான்னு லிகோரி கேட்டான். அவ என்ன சொன்னாளோ, அதுக்குள்ள அவன் குரல் இழுத்தது, கனத்தது, சேத்துக்குள்ள எறங்குத மாதிரி போச்சு, ஒரு கடக் சத்தம். நான் நிறுத்துறதுக்குள்ள டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்னுட்டு. மூடியத் தொறந்தேன், உருளையில சுத்திச் சுத்தி, பழுப்பா, சுருங்கி, இழுத்தா அறுந்துருச்சு. கையில ஒரு முழம் நாடா, விரல்லாம் மாவு. இப்ப எனக்குப் பதறவும் நேரம் இல்ல. அக்கா, பாடுன்னேன். மறக்கிறதுக்குள்ள பாடு. எனக்கு என்னட்டி பாடத் தெரியும்னா. வாஸ்தவம், தெரியாது, செலினாவுக்குச் சுதி நிக்காது, சின்னதுல பாட்டு வாத்தியார் அவளைப் பின்வரிசையில நிறுத்தி நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லியிருக்கார், அதுல இருந்து அவ வாயைத் தொறந்ததே இல்ல, பூசையில கூட. கெஞ்சினேன். உன் கால்ல விழுதேங்கா, என் காதுல பாடு, கீழ வச்சு, ஆம்பளை மாதிரிப் பாடு. அவ கட்டில்ல உக்காந்தா, ஈரக் கையால என் தலையைப் புடிச்சித் தன் பக்கம் இழுத்தா, முடி மாட்டி வலிச்சது, வாயை என் எடது காதுல வச்சா. வெங்காய வாடை. சூடா மூச்சு. பொறவு ஒரு கரகரப்பு, அதுல இருந்து அந்த உச்சிச் சுரம், அங்கன இருந்து அது கீழ எறங்கல. நான் எழுதினேனே, அந்த மாதிரி எறங்கி வரல. பக்கத்துல ஒரு அடி வச்சிச்சு, யோசிச்சு, இன்னும் ஒரு அடி, ரெண்டு சுரத்துக்கும் நடுவுல ஒரு எடத்துல, ஒரு கட்டையிலயும் இல்லாத எடத்துல, வந்து உக்காந்துச்சு. மேலயும் இல்ல, வீட்டுக்கும் வரல. அங்கனயே இருந்துட்டு.

எனக்குச் சந்தேகம். சந்தேகப்படாம இருக்க எனக்குத் தெரியாதே. அது லிகோரி வச்ச புள்ளியா, இவ சுதி பெசகுனதா. எப்படித் தெரியும், நாடா போச்சு, சாட்சி இவ ஒருத்திதான், அதுவும் சுதி இல்லாத சாட்சி. இன்னொரு தரம் பாடுக்கான்னேன். திட்டினா. பாடினா. அதே எடம். மயிரிழை மாறல. இன்னொரு தரம். அதே எடம். சுதி இல்லாதவளுக்கு ஒரே பெசகு திரும்பத் திரும்ப வராது, ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பக்கம் சரியும், பாட்டுக்குழுவுல நான் பாக்காத பெசகா. இது பெசகு இல்ல. அவன் நம்பர் போட்டு வச்ச எடத்துல இவ போயி நிக்கா. நான் அவ மடியில தலையை வச்சு அழுதேன், அம்மா போனப்ப கூட இப்படி அழல, அவ என் முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தா, கை காஞ்சிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு என் நல்ல காதுப் பக்கமாக் குனிஞ்சா. அன்னைக்கி அவன் எப்படிக்கான்னு கேட்டான்ல, நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரிய வேண்டாமாட்டின்னா. சொல்லுன்னேன்.

"இவ்வளவுதானாலே, முடிஞ்ச மாதிரியே இல்லியேன்னேன். முடிஞ்சிட்டுக்கா, நீ எழுந்து போ, அம்மா கூப்பிடுதான்னான்."